வழுக்கும் கிளட்சில் சூடு எங்கே போகும்?

வாசகர் கேள்வி – பதில்

காந்தப்புலம் பட்டதும் கெட்டியாகி, புலம் போனதும் மறுபடி ஓடத் தொடங்கும் திரவத்துக்கு மேக்னெட்டோ-ரியாலஜிக்கல் திரவம் என்று பெயர், சுருக்கமாக எம்.ஆர். திரவம். இதை வைத்துக் கிளட்ச் வடிவமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு 15 நியூட்டன்-மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) கடத்தும் எம்.ஆர். கிளட்ச் செய்யப் போகிறோம். மோட்டார் வேகம் 1000 ஆர்.பி.எம். டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கணக்கை எங்கிருந்து தொடங்குவது?
– இயந்திரவியல் மாணவிகள், கோவை

கிளட்ச் எவ்வளவு நேரம் வழுக்கப் போகிறது, அதாவது அதன் இரு பக்கமும் எவ்வளவு நேரம் வெவ்வேறு வேகத்தில் சுழலப் போகின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானோர் டார்க்கில் தொடங்கி, எல்லாம் செய்து முடித்த பிறகுதான் சூட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். டார்க் கணக்கு சுலபம். அதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் வரும் எண்களே சூட்டுக் கணக்குக்கும் வேண்டும்.

புலத்தில் கெட்டியான திரவம் ஒரு அளவு வரை பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் இழுத்தால் வழுக்கும். அந்த எல்லையை ஈல்டு ஸ்ட்ரெஸ் என்பார்கள். இங்கே பிடிமானம் என்று சொல்வோம். லார்ட் நிறுவனத்தின் எம்.ஆர்.எஃப்-132டி.ஜி திரவத்தில், மீட்டருக்கு சுமார் 150 கிலோ ஆம்பியர் புலத்தில் 35 கிலோ பாஸ்கல் பிடிமானத்தை நம்பிக் கணக்குப் போடலாம். டிஸ்கின் ஒரு முகத்துக்கு:

டார்க் = (2π/3) × பிடிமானம் × (வெளி ஆரம்³ − உள் ஆரம்³)

வெளி ஆரம் 50 மி.மீ., உள் ஆரம் 25 மி.மீ. என்றால் ஒரு முகத்துக்கு 8 நியூட்டன்-மீட்டர், இரண்டு முகத்துக்கும் சேர்த்து 16. உங்களுக்கு ஒரே டிஸ்க் போதும். ஆரம் முப்படியில் வருவதால் டார்க்கின் பெரும்பங்கு விளிம்போரத்தில்தான் பிறக்கிறது. உள் ஆரத்தை இன்னும் குறைத்து இடத்தை வீணாக்க வேண்டாம்.

டிஸ்குக்கும் உறைக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி வையுங்கள். 0.5 மி.மீ. வைத்தாலும் டார்க் அதிகமாகாது, ஏனென்றால் மேலே உள்ள சமன்பாட்டில் இடைவெளியே இல்லை. அரை மில்லிமீட்டரில் புலத்தை உண்டாக்கும் காயிலின் தேவை குறையும் என்பது லாபம். ஆனால் கரண்ட் இல்லாதபோது வரும் பாகுத்தன்மை இழுவை இரட்டிப்பாகும், திரவத்தின் அளவும் பாதியாகிவிடும். 1 மி.மீ. இடைவெளியில் 1000 ஆர்.பி.எம். வேக வித்தியாசத்துக்கு அந்த இழுவை 0.2 நியூட்டன்-மீட்டர்தான், சீல் உரசலே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

அடுத்தது காயில். 150,000 × 0.002 மீட்டர் = 300 ஆம்பியர்-சுற்று (கரண்ட் × கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை) இடைவெளிகளுக்கே வேண்டும். இரும்புக்கும் இணைப்புகளுக்கும் சேர்த்து 450 வைத்துக்கொள்ளுங்கள். 22 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனின் அளவு) எனாமல் கம்பியில் 300 சுற்று, 1.5 ஆம்பியர். காயில் டிஸ்கின் விளிம்பைச் சுற்றி வெளியே உட்காரும். சராசரி ஆரம் 60 மி.மீ. என்றால் 113 மீட்டர் கம்பி, சுமார் 5 ஓம், 11 வாட். கம்பியைச் சுற்ற 20 × 12 மி.மீ. குழி போதும்.

இப்போது சூடு. முழு டார்க்கில், முழு வேக வித்தியாசத்தில் (1000 ஆர்.பி.எம். என்பது நொடிக்கு 105 ரேடியன்) வழுக்கினால் 16 × 105 = சுமார் 1,680 வாட். இரண்டு முகத்திலும் சேர்ந்து இருக்கும் திரவம் 12 மில்லிலிட்டர், அதாவது இரண்டரை டீஸ்பூன். இரண்டு 750 வாட் மிக்சி இழுக்கும் மின்சாரத்துக்கும் மேலான சூடு அதற்குள் இறங்குகிறது. இந்தத் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு டிகிரி ஏற சுமார் 2.4 ஜூல் வாங்கும். இரும்பு எதுவும் சூட்டை உறிஞ்சவில்லை என்று வைத்தால் நொடிக்கு 58 டிகிரி ஏறும். 30 டிகிரியில் தொடங்கினால், இந்தத் திரவத்தின் உச்சவரம்பான 130 டிகிரியை இரண்டு நொடிக்குள் தொட்டுவிடும். நடைமுறையில் தகடுகள் நிறைய வாங்கிக்கொள்ளும் என்றாலும், அரை நொடி வழுக்கிப் பூட்டிக்கொள்ளும் கிளட்சும், நிமிடக்கணக்கில் வழுக்கும் கிளட்சும் ஒரே வரைபடத்தில் வர முடியாது என்பது புரிந்திருக்கும். இரண்டாவது வகை என்றால் உறையில் நீர் ஓடும் வழி வேண்டும், அல்லது ஆரத்தைக் கூட்டித் திரவத்தைப் பெருக்க வேண்டும்.

மேலே சொன்னது போன்ற அளவில்தான் நாங்களும் செய்தோம். 16 நியூட்டன்-மீட்டர் எதிர்பார்த்தோம், 6 தான் வருகிறது. கரண்டை 1.5-இலிருந்து 2 ஆம்பியருக்கு ஏற்றினாலும் ஏறவில்லை. உறைத் தகடு 4 மி.மீ. மைல்ட் ஸ்டீல். திரவம் கெட்டுவிட்டதா?
– வாசகர், திருச்சி

திரவம் நன்றாகத்தான் இருக்கும். தவறு தகட்டில்.

இடைவெளியில் 0.7 டெஸ்லா வேண்டும். ஒரு முகத்தின் பரப்பு 5,890 சதுர மி.மீ. ஆக, கடக்க வேண்டிய காந்தப்பாயம் (அந்தப் பரப்பின் வழியே செல்லும் மொத்தக் காந்தப்புலம்) 4.1 மில்லி வெபர். அத்தனையும் டிஸ்க் விளிம்பைத் தாண்டி, தகட்டின் வழியாக ஆரத்திசையில் வெளியுறைக்குப் போயாக வேண்டும். 50 மி.மீ. ஆரத்தில் தகட்டின் குறுக்குப் பரப்பு 2π × 50 × தடிமன். மைல்ட் ஸ்டீலை 1.4 டெஸ்லாவுக்கு மேல் நம்பக் கூடாது. அதன்படி தடிமன் 9.4 மி.மீ. வருகிறது, 10 மி.மீ. போடுங்கள். காயிலுக்கு வெளியே இருக்கும் குழாய்ப்பகுதி 7 மி.மீ. இருந்தால் போதும், அங்கே சுற்றளவு பெரிது. உங்கள் 4 மி.மீ. தகடு 1.6 டெஸ்லா வரை திணறித் தூக்கினாலும் 2 மில்லி வெபர்தான் கடத்தும். இடைவெளியில் பாதிப் புலம் மட்டுமே கிடைக்கும், பிடிமானம் அதைவிட மோசமாக விழும். உங்கள் 6 இங்கிருந்துதான் வருகிறது.

டார்க் குறையும்போது கரண்டைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். அந்த வளைகோடே நோயைச் சொல்லும். கொஞ்சம் ஏறிப் பிறகு படுத்துவிட்டால், உங்களுக்கு வந்ததுபோல இரும்பு தெவிட்டிவிட்டது, அதாவது அதனால் இனி கூடுதல் காந்தப்பாயத்தைக் கடத்த முடியாது. ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எல்லாக் கரண்டிலும் குறைவு என்றால், எங்கோ தேவையில்லாத காற்று இடைவெளி இருக்கிறது. தகடும் குழாயும் சேரும் முகத்தில் பெயின்ட் அடித்திருப்பார்கள்; 1.4 டெஸ்லா ஓடும் இடத்தில் 0.1 மி.மீ. பெயின்ட் மட்டுமே 110 ஆம்பியர்-சுற்றைத் தின்றுவிடும். அந்த முகங்களை வெறும் இரும்பாக விட்டு, எண்ணெய் மட்டும் தடவி இறுக்குங்கள். முதல் அரை ஆம்பியருக்கு ஒன்றுமே வராமல் அப்புறம் ஏறத் தொடங்கினால், காந்தப்பாயத்துக்குக் குறுக்குவழி இருக்கிறது. காயிலைத் திரவத்திடமிருந்து பிரிக்கும் வளையத்தை மைல்ட் ஸ்டீலில் கடைந்திருப்பார்கள். முதலில் அந்த வளையம் தெவிட்ட வேண்டும், பிறகுதான் டிஸ்குக்குப் பங்கு. அந்த வளையம் பித்தளை அல்லது அலுமினியமாக இருக்க வேண்டும்.

ஷாஃப்டையும் பாருங்கள். கரண்ட் ஓடும்போது ஷாஃப்ட் நுனியில் குண்டூசியைக் காட்டுங்கள். பட்டென்று ஒட்டிக்கொண்டால் பாயம் அந்த வழியாகவும் நழுவுகிறது. ஷாஃப்டையும் டிஸ்கின் நடு ஹப்பையும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யலாம். 304 கடைந்தாலோ வளைத்தாலோ லேசாகக் காந்தம் பிடிக்கும்.

காந்தத்தைக் காட்டினால் முள்முள்ளாக எழுந்து நிற்கும் கருப்புத் திரவத்தை ஆன்லைனில் விற்கிறார்கள். அதைக் கிளட்சில் ஊற்றலாமா?
– பள்ளி மாணவர், மதுரை

கூடாது. அது ஃபெரோஃப்ளூயிட். அதன் துகள்கள் 10 நானோமீட்டர் அளவு. வெப்ப அலைவே அவற்றைக் கலைத்துக்கொண்டிருக்கும், இறுக்கமான சங்கிலி கட்டாது. எம்.ஆர். திரவத்தின் துகள்கள் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையான கார்பனைல் இரும்புக் குண்டுகள். புலத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் தகட்டிலிருந்து தகடு வரை தூண் கட்டும். கிளட்ச் பிடிப்பது அந்தத் தூண்களால்தான்.

அச்சகத்தில் பேப்பர் ரீல் அவிழும் பக்கம் பவுடர் பிரேக் (காந்தப்புலத்தில் இரும்புத் தூள் இறுகிப் பிடிக்கும் பிரேக்) வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட்டு எம்.ஆர். பிரேக் போட்டால் டென்ஷன் இன்னும் சீராக இருக்கும் என்கிறார்கள். செய்யலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

சீராக இருக்கும் என்பது சரி. குறைந்த டார்க்கில் பவுடர் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் இடத்தில் திரவம் வழவழப்பாகப் பிடிக்கும். ஆனாலும் மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

ரீல் பிரேக் என்பது நாள் முழுக்க வழுக்கும் பிரேக். அதில் இறங்கும் சூடு, டென்ஷனை லைன் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும். ரீல் பெரிதா சிறிதா என்பது கணக்கில் வராது. 100 நியூட்டன் டென்ஷன், நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் 100 வாட். விசிறி வைத்து இந்தச் சூட்டை வெளியே எடுத்துவிடலாம். திரவத்தின் ஆயுளை அப்படிக் காப்பாற்ற முடியாது.

லார்ட் நிறுவனத்தின் டேவிட் கார்ல்சன் தரமான எம்.ஆர். திரவத்துக்கு ஒரு அளவுகோல் சொல்லியிருக்கிறார்: ஒரு கன செ.மீ. திரவம் தன் வாழ்நாளில் சுமார் 1 கோடி ஜூல் வழுக்கல் ஆற்றலைத் தாங்கும், பிறகு மாற்ற வேண்டும். துகள்களின் மேற்பரப்பு உடைந்து, மிக நுண்ணிய பொடி எண்ணெயில் கலந்து, திரவம் கரண்ட் இல்லாமலே பேஸ்ட் போல இறுகிப்போகும். 12 மில்லிலிட்டர் கொண்ட ஒரு பிரேக்கில் 100 வாட் தொடர்ந்து இறங்கினால் 12 லட்சம் நொடி, அதாவது 333 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு வாரம். ஒவ்வொரு ஆறு வாரத்துக்கும் பிரித்துக் கழுவித் திரவம் மாற்றுவது எந்த அச்சகத்துக்கும் கட்டாது.

பவுடரும் தேயும்தான். ஆனால் அதைக் கொட்டிவிட்டு, குறிப்பிட்ட கிராம் எடை போட்டுப் புதுப் பவுடர் நிரப்புவது எளிது, எண்ணெய் கசியும் பயமும் இல்லை. எம்.ஆர். பொருந்தும் இடங்கள் வேறு: ரோபோ மூட்டுகள், உடற்பயிற்சிக் கருவிகள், கைக்கு எதிர்விசை காட்டும் ஜாய்ஸ்டிக்குகள். அங்கெல்லாம் வழுக்கல் குறைவு, துல்லியம் அதிகம் வேண்டும்.

எம்.ஆர். திரவம் விலை அதிகம். ஆய்வகத்தில் நாமே கலந்துகொள்ள அளவு சொல்ல முடியுமா?
– பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்

100 மில்லிலிட்டருக்கு: 3 முதல் 5 மைக்ரோமீட்டர் கார்பனைல் இரும்புத் தூள் 236 கிராம் (கன அளவில் 30 சதவீதம்), 100 சென்டிஸ்டோக்ஸ் சிலிகோன் எண்ணெய் 70 மில்லிலிட்டர், ஓலெயிக் அமிலம் 3 கிராம், ஃப்யூம்டு சிலிக்கா 1 முதல் 2 கிராம். ஓலெயிக் அமிலம் துகளின் மேல் படிந்து அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். சிலிக்கா எண்ணெயை லேசாகத் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, இரும்பு அடியில் இறங்குவதைத் தாமதப்படுத்தும்.

முதலில் எண்ணெயில் ஓலெயிக் அமிலத்தைக் கலக்கி, இரும்பைப் பத்துப் பதினைந்து பங்காகப் போட்டு, ஒவ்வொரு பங்குக்குப் பிறகும் கட்டி உடையும்வரை கலக்குங்கள். சிலிக்கா கடைசியில். மொத்தம் மூன்று நான்கு மணி நேரக் கலக்கல் வேண்டும். மேலிருந்து தண்டு இறங்கும் மோட்டார் கலக்கியையே பயன்படுத்துங்கள். மேக்னெட்டிக் ஸ்டிரரில் வைத்தால் இரும்பு முழுவதும் அந்தக் காந்தக் குச்சியைச் சுற்றி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், மேலே வெறும் எண்ணெய் மிதக்கும். ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

செலவைக் குறைக்க லேத் பொடியையோ அரத்தூளையோ சலித்துப் போடாதீர்கள். அவை பெரிது, கூர் முனை உள்ளவை. சில நிமிடங்களில் படிந்துவிடும், சீலையும் அறுத்துவிடும். கார்பனைல் இரும்பு மிக நுண்ணியது என்பதால் காற்றில் பறந்தால் தீப்பிடிக்கும். முகக்கவசம் அணியுங்கள். சிந்தினால் ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் செயல்விளக்கத்துக்கும் இந்தக் கலவை போதும். மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு, தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானங்கள் உள்ள ஆயத்தத் திரவத்தையே வாங்குங்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
– வாசகி, தஞ்சாவூர்

ஜேக்கப் ராபினோ. அமெரிக்க நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் பணியாற்றியவர். 1940-களின் பிற்பகுதியில் அவர் செய்த முதல் கருவியே ஒரு கிளட்ச்தான். எடையில் ஒன்பது பங்கு கார்பனைல் இரும்பு, ஒரு பங்கு எண்ணெய் என்பது அவர் கலவை. காப்புரிமை 1951-இல் கிடைத்தது. பரவலாக விற்பனைக்கு வந்தது அரை நூற்றாண்டு கழித்து, அதுவும் கிளட்சாக அல்ல, காரின் ஷாக் அப்சார்பராக: 2002 மாடல் கெடிலாக் செவில் எஸ்.டி.எஸ். காரில்.

திரவம் மில்லி நொடியில் கெட்டியாகும் என்று படிக்கிறோம். எங்கள் கிளட்ச் கால் நொடி எடுக்கிறது. கரண்டை நிறுத்தினாலும் சற்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஏன்?
– வடிவமைப்புப் பொறியாளர், ஓசூர்

இரண்டும் இரும்பும் காயிலும் செய்யும் வேலை. திரவம் உண்மையிலேயே சில மில்லி நொடியில் மாறிவிடும். கரண்ட் ஏறுவதுதான் தாமதம். முதல் பதிலில் உள்ள 300 சுற்றுக் காயிலில் 1.5 ஆம்பியருக்கு 4.1 மில்லி வெபர், தூண்டல் 0.8 ஹென்றி, மின்தடை 5 ஓம், கால மாறிலி 0.16 நொடி. 7.5 வோல்ட் சப்ளையை நேராகக் கொடுத்தால் கால் நொடியில்கூட முழு டார்க் வராது. 24 வோல்ட் கொடுத்து, கரண்டை 1.5 ஆம்பியரில் கட்டுப்படுத்தும் டிரைவர் வைத்தால் 60 மில்லி நொடி. 48 வோல்ட்டில் 30-க்கும் கீழே. அதே 450 ஆம்பியர்-சுற்றை 150 சுற்று, 3 ஆம்பியர் என்று தடித்த கம்பியில் பிரித்தால் 24 வோல்ட்டிலேயே அந்த வேகம் கிடைக்கும். அணைக்கும்போது காயிலுக்குக் குறுக்கே வெறும் டையோடு மட்டும் இருந்தால் கரண்ட் மெதுவாகத்தான் வடியும். டையோடுடன் தொடராக ஒரு ஜீனர் டையோடும் சேருங்கள், கரண்ட் வேகமாக வடியும்.

இதற்கு மேலும் தாமதம் மிஞ்சினால், அது திட இரும்பில் பிறக்கும் சுழல் மின்னோட்டம். டிஸ்கில் ஆரத்திசையில் மெல்லிய பிளவுகள் வெட்டினால் கொஞ்சம் குறையும்.

கரண்ட் போன பிறகும் இழுப்பதற்குக் காரணம் இரும்பில் தங்கிய மிச்சக் காந்தம். ஈ.என்-8 போன்ற கார்பன் கூடிய ஸ்டீலில் இது அதிகம். லேத் வேலை முடிந்ததும் பாகங்களை 850 டிகிரி அளவில் சூடாக்கி, உலையிலேயே ஆறவிடுங்கள். மின்சாரப் பக்கமும் வழி உண்டு: அணைக்கும்போது −1, +0.6, −0.35, +0.2 ஆம்பியர் என்று திசை மாற்றி மாற்றிக் குறைத்துக்கொண்டே வந்தால் மிச்சக் காந்தம் கலைந்துவிடும். இதற்கு எச்-பிரிட்ஜ் டிரைவர் வேண்டும்.

ஓட்டி இரண்டு மாதத்தில் ஆயில் சீல் வழியாகச் சாம்பல் நிறக் குழம்பு கசிகிறது. சீலை மாற்றினாலும் மறுபடி கசிகிறது. எப்படி நிரப்புவது, எந்த சீல் போடுவது?
– ஒர்க்‌ஷாப் நடத்துபவர், அம்பத்தூர்

கசிந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஷாஃப்டை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சீல் உதடு உட்காரும் இடத்தில் நகம் இடறும் அளவு பள்ளம் விழுந்திருக்கும். இரும்புத் துகள்கள் உதட்டில் பதிந்து ஷாஃப்டைக் கடைந்துவிட்டன. அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். ஷாஃப்டைக் கடினக் குரோம் பூசி மெருகேற்றுங்கள், அல்லது சீலை 3 மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள்.

துகள் அங்கே சேர்வதற்கே காரணம் சீல் அருகில் காந்தப்புலம் கசிவதுதான். குண்டூசிச் சோதனையை சீல் பக்கத்திலும் செய்து பாருங்கள். எம்.ஆர்.எஃப்-132டி.ஜி போன்ற ஹைட்ரோகார்பன் எண்ணெய்த் திரவத்துக்கு நைட்ரைல் அல்லது வைட்டான் சீல். இயற்கை ரப்பரும் ஈ.பி.டி.எம்-மும் ஊதிப்போகும். சிலிகோன் எண்ணெயில் கலந்த திரவத்துக்கு சிலிகோன் ரப்பர் சீல் ஆகாது.

உங்கள் இன்னொரு சந்தேகம் நிரப்பும் அளவு. முழுக்க நிரப்பியதே கசிவுக்குப் பாதிக் காரணமாக இருக்கலாம். 100 டிகிரி ஏறினால் திரவம் சுமார் 5 சதவீதம் பெருக்கும். போக இடமில்லாவிட்டால் சீலைத்தான் தள்ளும். டப்பாவின் அடியில் படிந்த கெட்டி கரையும்வரை கலக்கி, கிளட்சைக் குத்தாக நிறுத்தி, கீழ்த் துளை வழியாகப் பெரிய சிரிஞ்சில் மெதுவாக ஏற்றுங்கள், மேல்துளையில் குமிழி இல்லாமல் திரவம் வரும்வரை. பிறகு மொத்த அளவில் 5 முதல் 7 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சி எடுத்துவிட்டு மூடுங்கள். அந்தக் காற்று வேலை செய்யும் முகத்தில் வந்து நிற்காதா என்று கேட்பீர்கள். நிற்காது. சுழலும்போது கனமான திரவம் விளிம்புக்குப் போகும், காற்று ஹப் பக்கம் ஒதுங்கும். அங்கே டார்க் பிறப்பதில்லை. ஆனால் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 50 மி.மீ. ஆரத்தில் 3000 ஆர்.பி.எம். என்றால் விளிம்பில் புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு. அந்த வேகத்தில் இரும்பே எண்ணெயை விட்டுப் பிரிந்து விளிம்பில் கட்டியாக அடைந்துகொள்ளும். உங்கள் ஷாஃப்ட் 1500-ஐத் தாண்டுவதானால் கிளட்சை கியர் பாக்ஸின் மெதுவான பக்கம் மாற்றிப் பொருத்துங்கள். அங்கே டார்க் கூடுதலாக வேண்டியிருக்கும். இரண்டாவது டிஸ்க் சேர்த்தால் அதற்கும் 300 ஆம்பியர்-சுற்று தனியாகச் சேர்க்க வேண்டும்.